இடது கை

ஏப்ரல் 9, புதன்
தம்பிக்கு ஃபிஸ்டுலா ஆபரேஷன் முடிந்தது. டயாலிசிஸ் ஊசி போட இடது மணிக்கட்டில் தமனியையும் சிரையையும் இணைத்திருக்கிறார்கள். கொழிஞ்சாம்பாறை வந்து சேர ராத்திரி ஆகிவிட்டது. அம்மா சாப்பிடவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்
டயாலிசிஸ். இன்னும் கழுத்துக் குழாய் வழியாகத்தான். நான்கு மணி நேரமும் தம்பி கேட்டது ஜாஸ் டிரம்பெட்காரர் புக்கர் லிட்டிலின் முதல் ஆல்பம் மட்டும். பாதியில் ஒரு பக்க இயர்போனைக் கழற்றி எனக்குக் கொடுத்தான். 1958 அக்டோபரில் பதிவானது. ஊதுகிற பையனுக்கு அப்போது 20 வயது. மெம்ஃபிஸில் பிறந்து, சிகாகோவில் படித்து, மேக்ஸ் ரோச்சின் குழுவில் சேர்ந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. ஆல்பத்தின் பெயரே ‘புக்கர் லிட்டில் 4 அண்ட் மேக்ஸ் ரோச்’. டிரம்பெட், சாக்ஸபோன், பியானோ, பாஸ் சேர்ந்து நாலு பேர். அவர்களோடு மேக்ஸ் ரோச். அத்தனை பெரிய டிரம்மர், நேற்று வந்த பையனின் ஆல்பத்தில் பின்னால் உட்கார்ந்து வாசிக்கிறார். எனக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது.

ஏப்ரல் 14, திங்கள்
விஷு. அம்மா கணியில் கொன்றைப் பூ, வெள்ளரிக்காய், மாம்பழத்தோடு தம்பியின் டிரம்பெட்டையும் வைத்திருந்தாள். காலையில் அதைப் பார்த்ததும் அவன் ஒன்றும் பேசவில்லை. மாம்பழம் அவனுக்கு ஆகாது, பொட்டாசியம் அதிகம். சனிக்கிழமைக்குப் பிறகு நாளைக்குத்தான் டயாலிசிஸ் என்பதால் முகம் வீங்கியிருக்கிறது. நாளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், அதில் கஞ்சியும் மோரும் அடக்கம். தெருவில் லாரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசையாக நின்றன. அவன் ஜன்னலைச் சாத்தச் சொன்னான்.

ஏப்ரல் 17, வியாழன்
தையல் போட்ட இடத்துக்கு மேலே விரலை வைத்தால் விர்ரென்று ஓடுவது தெரிகிறது. தினமும் காலையில் தொட்டுப் பார்க்க வேண்டும், நின்றால் உடனே வரவேண்டும் என்று சிஸ்டர் மலையாளத்தில் எனக்கும் அம்மாவுக்கும் தனித்தனியாகச் சொன்னார். தம்பி அதைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, “அக்கா, இது எந்த சுரம்னு பிடிபடல” என்றான்.

ஏப்ரல் 22, செவ்வாய்
தூக்கம் இல்லை. மனதில் இருப்பதை எழுதிவிடுகிறேன்.

புக்கர் லிட்டில் 1961 அக்டோபர் 5ஆம் தேதி நியூயார்க்கில் இறந்தார். 23 வயது. யுரீமியா, கிட்னி வேலை செய்யாமல் கழிவு ரத்தத்தில் தேங்குவது. தம்பியின் ஃபைலில் இருக்கும் அதே வார்த்தை. இது அவனுக்கு முன்பே தெரியுமா, தெரிந்துதான் இந்த ஆல்பத்தை எடுத்தானா என்று இன்று வரை நான் கேட்கவில்லை. முதல் ஆல்பத்துக்கும் சாவுக்கும் நடுவில் மூன்றே வருடம். தன் பெயரில் மொத்தம் நாலு ஆல்பம். கடைசி ஜூலையில் கூட ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் சாக்ஸபோன்காரர் எரிக் டால்ஃபியோடு மேடையில் நின்றிருக்கிறார்.

நாள்பட்ட நோயாளிக்குத் திரும்பத் திரும்ப டயாலிசிஸ் செய்ய 1960க்கு முன் வழியே இல்லை. ஒவ்வொரு முறையும் புது ரத்தக்குழாயைத் திறக்க வேண்டும், கொஞ்ச நாளில் திறக்க இடமே இருக்காது. 1960 மார்ச்சில் சியாட்டிலில் ஸ்க்ரிப்னர் என்ற டாக்டர், நோயாளியின் கையில் டெஃப்லான் குழாயைப் பொருத்தி அப்படியே விட்டுவைத்தார். முதலில் பொருத்திக்கொண்ட கிளைட் ஷீல்ட்ஸ் அதற்குப் பிறகு 11 வருடம் இருந்தார். புக்கர் உயிரோடு இருந்தபோதே இது நடந்தாயிற்று. ஆனால் நாட்டின் இன்னொரு மூலையில், மிகச் சிலருக்கு மட்டும். தம்பி கையில் இருக்கிற இந்த ஃபிஸ்டுலா முறை 1966இல் வெளியானது. பிராங்க்ஸில் ஒரு ஆஸ்பத்திரி டாக்டர்கள் செய்தது. பிராங்க்ஸ் நியூயார்க்கில்தான் இருக்கிறது. அதே ஊர். ஐந்து வருடம்.

பாலக்காட்டில் வாரம் மூன்று நாள், வரிசையாகப் பெட், வரிசையாக மெஷின். பக்கத்து பெட்டில் அறுபது வயது லோடிங் தொழிலாளி பீடி கேட்டு சிஸ்டரிடம் சண்டை போடுகிறார். அந்தப் பையனுக்கு இது கிடைத்திருக்க வேண்டும். இதை நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

ஏப்ரல் 23, புதன்
அம்மாவின் கிட்னி தம்பிக்குப் பொருந்துமா என்று பார்க்க, கிராஸ் மேட்ச் டெஸ்ட்டுக்கு அம்மாவிடம் ரத்தம் எடுத்தார்கள்.

மே 2, வெள்ளி
ரப்பர் பந்து பிடித்து அமுக்கச் சொல்லியிருக்கிறார்கள், நரம்பு தடிக்க. அவன் புக்கரின் அதே முதல் ஆல்பத்தில் இருக்கிற ‘டன்ஜன் வால்ட்ஸ்’ போட்டுக்கொண்டு மூன்று மூன்றாக அமுக்குகிறான். ஒன்று பலமாக, இரண்டு லேசாக.

மே 9, வெள்ளி
மாமா வந்தார். “உடம்பு தேறட்டும் மாப்ளே, கிட்னி மாத்தினப்புறம் சாவகாசமா ஆல்பம் போடலாம்” என்றார். அன்பாகத்தான் சொன்னார். தம்பியும் தலையாட்டினான். எனக்குத் தாங்கவில்லை. டெஸ்ட், கமிட்டி, கையெழுத்து, மறுபடி டெஸ்ட் என்று மாற்று ஆபரேஷன் எப்போது என்று யாருக்கும் தெரியாது. அவன் எழுதி வைத்த டியூன்கள் நோட்டில் இருக்கின்றன. தேர்த்திருவிழாவில் பேண்ட் செட் வாசிக்கிற மார்ச்சை பாதி வேகத்தில் இழுத்து எழுதிய அந்த ஒன்றை அவனைத் தவிர வேறு யார் ஊதுவார்கள்? அதில் டிரம்பெட்டும் சாக்ஸும் அரை சுரம் தள்ளி உரசிக்கொண்டே போகும். மாமாவுக்கு அது சுருதி விலகல். புக்கர் லிட்டிலுக்கு இப்படி உரசுகிற சுரங்கள் தப்பானவை அல்ல, அவற்றால் ஒலி பெரிதாகிறது என்பதுதான் அவர் எண்ணம். மாமாவிடம் இதைச் சொன்னேன். காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

1938இல் பிறந்த மூன்று டிரம்பெட்காரர்கள். லீ மார்கன் 18 வயதில் முதல் ஆல்பம் பதிவு செய்தார், புக்கர் 20, ஃப்ரெடி ஹப்பர்ட் 22. ஒருவரும் சாவகாசத்துக்குக் காத்திருக்கவில்லை.

மே 22, வியாழன்
முதல் முறையாகக் கையில் ஊசி. இரண்டு. தடிமனான ஊசி. கண்ணை மூடிக்கொண்டு ஏதோ டியூனை மூக்கால் முனகினான். மெஷின் ஒழுங்காக ஓடியது.

மே 26, திங்கள்
மழை பிடித்துவிட்டது. கணவாய்க் காற்றில் பனைமரங்கள் சாய்ந்து சாய்ந்து எழுகின்றன. மூச்சு வாங்குகிறது அவனுக்கு. திங்கள் என்றாலே இப்படித்தான்.

ஜூன் 3, செவ்வாய்
கழுத்துக் குழாயை எடுத்துவிட்டார்கள்!

ஜூன் 6, வெள்ளி
டாக்டரிடம் நானே கேட்டேன். கழுத்துப் புண் ஆறும் வரை ஊதக்கூடாது. அப்புறம் ஊதலாம். டிரம்பெட் எடை ஒரு கிலோ சொச்சம், அதைத் தாங்குவது இடது கை, விசை அழுத்துவது வலது கை. அதே இடது கைதான் இப்போது அவனுடைய உயிர். ரொம்ப நேரம் முழங்கையை மடக்கி வைக்காதே, கனம் தொங்கவிடாதே என்றார். எங்கள் தெரு வெல்டிங் பட்டறையில் சொல்லி ஸ்டாண்ட் ஒன்று செய்துகொண்டிருக்கிறோம்.

ஜூன் 11, புதன்
ஊதினான். நீண்ட சுரங்கள் மட்டும். உதடு தளர்ந்துவிட்டது, மேலே போனால் உடைகிறது. கீழ்ச் சுரங்கள் முன்பைவிட நன்றாக இருக்கின்றன, சத்தியமாக.

ஜூன் 14, சனி
அம்மா பொருந்தவில்லை. ரிப்போர்ட் வந்தது. என்னை டெஸ்ட் எடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு
தம்பி என்னோடு பேசவில்லை.

ஜூன் 18, புதன்
கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி பொள்ளாச்சி ஸ்டுடியோ. டயாலிசிஸுக்கு மறுநாள்தான் அவனுக்கு மூச்சு நிற்கிறது, அதனால் புதனும் வெள்ளியும் பிடித்து வைத்திருக்கிறோம். மார்ச் டியூன் முழுதாக ஒரு டேக் கிடைத்தது. நடுவில் ஒரு சுரம் உடைந்தது. மறுபடி எடுக்கலாமா என்றார் சவுண்ட் இன்ஜினியர். “வேணாம், இருக்கட்டும்” என்றான். வண்டியில் வரும்போது, “அக்கா, உன் ரிப்போர்ட் எப்ப வரும்?” என்று அவனாகவே கேட்டான். அடுத்த வாரம் என்றேன்.

ஜூன் 20, வெள்ளி
வால்ட்ஸ் இன்று. சாக்ஸ் பையன் பஸ் கிடைக்காமல் மழையில் மாட்டிக்கொண்டிருக்கிறான், பத்து மணிக்குள் வந்துவிட்டால்