தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் ஒரே பில்

லாஸ் ஏஞ்சலஸில் இரண்டு மாதங்களுக்கு ஒரு முறை எங்கள் வீட்டுக்கு வரும் பில்லில் தண்ணீர், மின்சாரம், கழிவுநீர், குப்பை ஆகிய நான்கின் கட்டணமும் ஒன்றாகவே இருக்கும். மின்சாரத்தை யூனிட்டில் கணக்கிடுகிறார்கள். தண்ணீரை 100 கன அடிக்கு ஒன்று என்று கணக்கிடுகிறார்கள், அதாவது ஒவ்வொன்றும் 748 காலன். சென்ற முறை தண்ணீர்ப் பகுதி மட்டும் வழக்கத்தைவிட ஏறக்குறைய இரு மடங்காக வந்திருந்ததால், வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, நடைபாதை ஓரத்தில் புதைந்திருக்கும் மீட்டர் பெட்டியின் கான்கிரீட் மூடியைத் திருப்புளியால் நெம்பித் திறந்து பார்த்தேன். சிலந்தி வலையைத் துடைத்துவிட்டுக் குனிந்தபோது, மீட்டரின் முகப்பில் இருந்த சின்னஞ்சிறிய சிவப்பு முக்கோணம் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கழிப்பறைத் தொட்டியின் அடியில் இருக்கும் ரப்பர் மூடி தேய்ந்துபோய், இரவு பகலாகத் தண்ணீர் ஒழுகியிருக்கிறது. புது மூடியின் விலை சொற்பம்தான். ஆனால் அந்த முக்கோணம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்த சில நிமிடங்களில், 233 மைல் தொலைவிலிருந்து மலைகளைக் குடைந்து கொண்டுவரப்பட்ட நீர் இப்படி வீணாகிறதே என்ற வேதனையும், இந்தக் குழாயும் கம்பியும் யாருடையவை என்ற கேள்வியும் சேர்ந்தே எழுந்தன.

அவை இந்த நகரத்தாருடையவை. லாஸ் ஏஞ்சலஸ் நீர், மின்சாரத் துறை அமெரிக்காவில் ஒரு நகரத்துக்குச் சொந்தமான இத்தகைய நிறுவனங்களில் மிகப் பெரியது. ஏறக்குறைய 40 லட்சம் மக்கள் அதை நம்பி வாழ்கிறார்கள். மேயர் நியமித்து நகரமன்றம் ஒப்புதல் தரும் ஐந்து ஆணையர்கள் அதை நடத்துகிறார்கள். தனியார் மின் நிறுவனங்களின் கட்டணத்தைத் தீர்மானிக்கும் மாநில ஒழுங்குமுறை ஆணையத்துக்கு இங்கே வேலையில்லை. எவ்வளவு வசூலிப்பது என்பதை ஆணையர்களும் நகரமன்றமும்தான் முடிவு செய்கிறார்கள்.

ஒரே துறை தண்ணீரையும் மின்சாரத்தையும் பார்ப்பது எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால், இந்த ஊரின் கதையில் பாதி விளங்கிவிடும். 1868இல் நகரம் தன் தண்ணீர் விநியோகத்தை 30 ஆண்டுக் குத்தகைக்குத் தனியாரிடம் கொடுத்தது. குத்தகை முடிந்த பிறகு நெடுநாள் வழக்காடி, 1902இல் 20 லட்சம் டாலர் கொடுத்து அந்தக் கம்பெனியையே வாங்கியது. கம்பெனியோடு சேர்ந்து வந்தவர் வில்லியம் மல்ஹாலண்ட். அயர்லாந்தில் வளர்ந்து, கப்பலில் வேலை செய்து, 1878இல் இங்கே வாய்க்காலைத் தூர்வாரிப் பராமரிக்கும் வேலையில், நம் ஊரில் வாய்க்கால் நீரைப் பிரித்துவிடும் நீர்க்கட்டியைப் போலத் தொடங்கியவர் அவர். எந்தத் தெருவில் எந்த அளவுக் குழாய் ஓடுகிறது என்பது காகிதத்தில் இருந்ததைவிட அவர் நினைவில் அதிகம் இருந்தது. அவர்தான் சியரா நெவாடா மலையின் கிழக்குச் சரிவிலிருந்து ஓவன்ஸ் ஆற்றை நகருக்குத் திருப்பலாம் என்று சொன்னார். 1907இல் மக்கள் 2 கோடியே 30 லட்சம் டாலர் கடன் பத்திரத்துக்கு வாக்களித்தார்கள். ஒரு பம்புகூட இல்லாமல், சரிவை மட்டுமே நம்பி ஓடும் அந்தக் கால்வாய் 1913 நவம்பர் 5ஆம் தேதி திறக்கப்பட்டது. மதகைத் திறந்ததும் மல்ஹாலண்ட் சொன்னது இவ்வளவுதான்: "இதோ இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்."

கால்வாய் வெட்டுவதற்கே மின்சாரம் தேவைப்பட்டது. அதற்காக ஓவன்ஸ் பள்ளத்தாக்கிலேயே சிறிய நீர்மின் நிலையங்கள் கட்டப்பட்டன. அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீர் வழியெல்லாம் தன் வேகத்தை வீணாக்கிக்கொண்டே வருவானேன் என்று கேட்டவர் எஸ்ரா ஸ்கேட்டர்குட் என்ற மின் பொறியாளர். 1917இல் சான் பிரான்சிஸ்கீட்டோ பள்ளத்தாக்கில் நகரத்தின் முதல் பெரிய நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. பிறகு 1922இல் ஒரு தனியார் நிறுவனத்தின் நகர்ப்புறக் கம்பிகளையும், 1937இல் மற்றொன்றின் மின் அமைப்பையும் வாங்கி, நகர எல்லைக்குள் மின்சாரம் முழுவதும் நகரத்தின் கைக்கு வந்தது. ஆக, தண்ணீர் கொண்டுவரப் போன இடத்தில் கிடைத்த மின்சாரம் இது. இரண்டும் ஒரே பில்லில் வருவது அதனால்தான். நாங்கள் குடியிருக்கும் சான் பெர்னாண்டோ சமவெளி 1915இல் நகரத்தோடு சேர்ந்ததும் இந்தத் தண்ணீருக்காகத்தான். ஓவன்ஸ் நீர் நகர எல்லைக்குள் இருப்பவர்களுக்கே என்று இருந்ததால், எல்லைக்குள் வந்துவிடுவதே வழி என்று இங்கிருந்தவர்கள் வாக்களித்தார்கள்.

இந்தப் பெருமையைச் சொல்பவர்கள் அதே சான் பிரான்சிஸ்கீட்டோ பள்ளத்தாக்கில் 1928இல் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். கால்வாய் நீரைச் சேமிக்க மல்ஹாலண்ட் கட்டிய செயின்ட் பிரான்சிஸ் அணையில் கலங்கலான கசிவு தெரிகிறது என்று காவலாளி சொல்லி அனுப்ப, மார்ச் 12 அன்று காலையில் அவரே போய்ப் பார்த்து, ஆபத்தில்லை என்று திரும்பினார். அன்று நள்ளிரவுக்குச் சில நிமிடங்கள் முன்பு அணை உடைந்தது. கீழே இருந்த நகரத்தின் இரண்டாவது மின் நிலையத்தையும், அங்கே குடியிருந்த ஊழியர்களின் குடும்பங்களையும், பசிபிக் கடல் வரை இருந்த பண்ணைகளையும் ஊர்களையும் வெள்ளம் அடித்துச் சென்றது. குறைந்தது 431 பேர் இறந்தார்கள். விசாரணையில் மல்ஹாலண்ட் வேறு எவர் மீதும் பழி போடாமல் பொறுப்பைத் தானே ஏற்றார். ஆனால் விசாரணைக் குழு சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: பெரிய அணையைக் கட்டுவதையும் நடத்துவதையும், எவ்வளவு பெரியவராக இருந்தாலும், ஒரு தனி மனிதரின் தீர்ப்புக்கு விட்டுவிடக் கூடாது என்றார்கள். எல்லாவற்றையும் நினைவில் வைத்திருந்த மனிதரை வியந்து, அவரைக் கேள்வி கேட்க ஆளில்லாமல் விட்டுவிட்டது நகரம்.

ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் கதை இன்னும் முடியவில்லை. தலைமடைக்காரன் தண்ணீரை மறித்துக்கொண்டான், கடைமடை காய்ந்தது என்று வயல்காடுகளில் புலம்பிக் கேட்டிருக்கிறோம். இங்கே நடந்தது தலைகீழ்: கடைமடையில் இருந்த பெருநகரம் தலைமடையையே விலைக்கு வாங்கி, அங்கிருந்த ஏரியை வற்ற வைத்தது. 1924இல் பள்ளத்தாக்கின் விவசாயிகள் கால்வாய்க்கு டைனமைட் வைத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் மதகைக் கைப்பற்றித் தண்ணீரை மீண்டும் ஆற்றிலேயே திறந்துவிட்டு, சில நாள்கள் அங்கேயே குடும்பத்தோடு தங்கினார்கள். வற்றிய ஓவன்ஸ் ஏரிப் படுகையிலிருந்து எழும் உப்புத் தூசி பல பத்தாண்டுகள் அந்த ஊர்க்காரர்களின் நுரையீரலில் படிந்தது. அந்தத் தூசியை அடக்க மட்டும் நகரம் இதுவரை 200 கோடி டாலருக்கு மேல் செலவழித்திருக்கிறது. அந்தச் செலவும் எங்கள் பில்லில்தான் வருகிறது, வர வேண்டியதும்தான். மேலும் வடக்கே மோனோ ஏரிக்கு வரும் ஓடைகளையும் நகரம் திருப்பியிருந்தது. 1983இல் மாநில உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தும், எவ்வளவு எடுக்கலாம் என்று மாநில நீர் வாரியம் 1994இல் ஆணையிட்ட பிறகே அந்த ஏரிக்கு உயிர் வந்தது.

இத்தனையும் தெரிந்தும், இது நகரத்தின் கையில்தான் இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 2000, 2001 ஆண்டுகளில் கலிபோர்னியா மின்சாரத்தைச் சந்தையில் விட்டுத் தள்ளாடியபோது, மாநிலத்தின் பல ஊர்களில் முறை வைத்து மின்வெட்டு வந்தது. மாநிலத்தின் பெரிய தனியார் மின் நிறுவனங்களில் ஒன்று திவால் மனு கொடுத்தது. அந்தச் சந்தையில் சேராமல் தன் மின் நிலையங்களை விற்காமல் வைத்திருந்த லாஸ் ஏஞ்சலஸில் விளக்கு அணையவில்லை. தன் உபரி மின்சாரத்தை மாநிலத்துக்கு அப்போது விற்ற விலை சரியா என்ற விவாதமும் நடந்தது, நடந்திருக்க வேண்டியதுதான்.

இப்போதைய கவலை வேறு. 2014 ஜூலை 29 அன்று, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தை ஒட்டிய சன்செட் சாலையின் அடியில், 93 ஆண்டுகளுக்கு முன் பதித்த பெரிய குழாய் ஒன்று வெடித்தது. ஏறக்குறைய 2 கோடி காலன் தண்ணீர், அதுவும் கடும் வறட்சி ஆண்டில், கார் நிறுத்துமிடங்களிலும் கூடைப்பந்து அரங்கிலும் புகுந்தது. நகரத்தின் அடியில் 7,000 மைலுக்கும் மேல் குழாய்கள் ஓடுகின்றன. அன்றைய வேகத்தில் மாற்றிக்கொண்டே போனால் எல்லாவற்றையும் மாற்றி முடிக்க 300 ஆண்டுகள் ஆகும் என்ற கணக்கு அப்போது வெளிவந்தது. எந்தக் குழாயும் 300 ஆண்டு உழைக்காது. ஆனால் கட்டணத்தைக் கூட்டுகிறேன் என்று சொல்லி எந்த வேட்பாளரும் வாக்குக் கேட்பதில்லை. கூட்டினால் கோபப்படும் நாங்களே, குழாய் வெடித்தால் துறையைத் திட்டவும் செய்கிறோம். மின் வருவாயிலிருந்து ஏறக்குறைய எட்டு விழுக்காடு ஒவ்வோர் ஆண்டும் நகரத்தின் பொது நிதிக்குப் போகிறது. அந்தப் பணம் நூலகத்துக்கும் தீயணைப்புக்கும் பயன்படுவது உண்மைதான். என்றாலும், கம்பத்திலிருக்கும் பழைய டிரான்ஸ்பார்மருக்கும் பொது நிதிக்கும் போட்டி வரும்போது, பொது நிதிக்குப் பேச ஆளிருக்கிறது, டிரான்ஸ்பார்மருக்குப் பேச ஆளில்லை. பில் கணினி அமைப்பு 2013இல் தாறுமாறாகி, அதன் வழக்குகளைச் சுற்றிய ஊழலில் முன்னாள் பொது மேலாளர் ஒருவருக்கு 2022இல் ஆறு ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்ததையும் இந்த ஊர் பார்த்துவிட்டது.

2025 ஜனவரியில் நகரத்தின் பாலிசேட்ஸ் பகுதி காட்டுத்தீயில் எரிந்த இரவில், மலைமேல் இருந்த 10 லட்சம் காலன் தொட்டிகள் மூன்றும் விடியற்காலை மூன்று மணிக்குள் காலியாகி, உயரத்திலிருந்த தீயணைப்புக் குழாய்களில் தண்ணீர் நின்றுபோனது. அருகிலேயே 11.7 கோடி காலன் கொள்ளும் சாந்தா இனெஸ் நீர்த்தேக்கம் மூடுவிரிப்பு கிழிந்ததால் ஏறக்குறைய ஓராண்டாகக் காலியாகக் கிடந்தது. வீடுகளில் பிடிக்கும் தீக்காகத் திட்டமிட்ட குழாய் அமைப்பு, புயல்காற்றோடு வரும் காட்டுத்தீக்கு ஈடுகொடுக்க முடியாது என்று பொறியாளர்கள் சொல்வதை நான் ஏற்கிறேன். ஆனாலும் ஒரு விரிப்பைத் தைத்து முடிக்க ஓராண்டு ஏன் ஆனது என்ற கேள்வியை விட்டுவிட என்னால் முடியவில்லை. வேலை நின்றுகிடந்த அந்த மாதங்களில் ஒரு குடிமகனாக நானும் அதைக் கேட்கவில்லை. அப்படி ஒரு நீர்த்தேக்கம் இருந்ததே எனக்கு அப்போது தெரியாது.

துறையின் தலைமையகம் நகர மையத்தில், நான்கு புறமும் தண்ணீர் சூழ்ந்த குளத்தின் நடுவே நிற்கிறது. அந்தக் குளத்து நீர் அழகுக்காக மட்டும் இருப்பதன்று, கட்டடத்தைக் குளிர்விக்கும் அமைப்பின் ஒரு பகுதியும்கூட. அங்கே ஆணையர்கள் கூடும்போது பொதுமக்கள் எழுந்து பேசலாம். சென்ற வாரம் எங்கள் தெருமுனையில் பள்ளம் தோண்டி வேலை செய்துகொண்டிருந்த ஊழியர் ஒருவரிடம், இந்தக் குழாய் எந்த ஆண்டுக் குழாய் என்று கேட்டேன். அவர் சேற்றைத் துடைத்து, துரு ஏறிய இரும்பைத் தட்டிக் காட்டி, "என் தாத்தா காலத்தது" என்றார். சரியான ஆண்டு அலுவலகப் பதிவில் இருக்கும் என்றும் சொன்னார். அடுத்த கூட்டத்துக்குப் போய், எங்கள் தெருவின் குழாய் எந்த ஆண்டில் பதித்தது, மாற்றும் வரிசையில் அது எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கேட்பதற்காக எழுதி வைத்திருக்கிறேன்.