தனியாகப் போக ஓர் இத்தாலிய ஊர்: லூக்கா

இத்தாலிக்குத் தனியாகப் போகப் போகிறேன் என்றதும் ரோம், ஃபுளோரன்ஸ், வெனிஸ் என்று மூன்று பெயர்களைத்தான் எல்லோரும் சொன்னார்கள். மூன்றும் பார்க்க வேண்டிய ஊர்கள்தான். ஆனால் எனக்கு வேண்டியிருந்தது வேறு. காலையில் அறையை விட்டு இறங்கினால் பஸ், மெட்ரோ என்று எதையும் யோசிக்காமல் கால் போன போக்கில் போக வேண்டும். இரவு சாப்பிட்டுவிட்டுத் தனியாகத் திரும்பும்போது நடையை வேகமாக்கத் தோன்றக் கூடாது. துணைக்கு ஆள் இருந்தால் ஒருவர் பெட்டிக்குக் காவல் நிற்க, இன்னொருவர் வழி கேட்டுவரலாம். தனியாகப் போகிறவருக்கு அந்த வசதி இல்லை. அதனால் ஸ்டேஷனிலிருந்து பெட்டியை உருட்டிக்கொண்டே அறைக்குப் போய்ச் சேர முடியுமா என்பதைத்தான் முதலில் பார்த்தேன்.

அப்படிப் பார்த்தபோதே பல ஊர்கள் கழன்றுகொண்டன. ஒர்வியேத்தோ அழகான ஊர், ஆனால் பாறைக்குன்றின் உச்சியில் இருக்கிறது. ஸ்டேஷனில் இறங்கி இழுவை ரயிலில் மேலே போக வேண்டும். சியனாவிலும் ஸ்டேஷன் கீழே, ஊர் மேலே. உள்ளே போன பிறகும் தெருக்களெல்லாம் ஏற்ற இறக்கம். ஃபெராரா சமதளம், சைக்கிள்காரர்களின் ஊர், சுற்றிலும் 9 கிலோமீட்டருக்கு மதில் உண்டு. அது கடைசி வரை போட்டியில் இருந்தது. ஆனால் ஸ்டேஷனிலிருந்து ஊர் நடுவே இருக்கும் கோட்டைக்குக் கொஞ்சம் அதிகமாகவே நடக்க வேண்டும். மிஞ்சியது டஸ்கனியின் லூக்கா.

பீசா விமான நிலையத்தில் இறங்குகிறவர்களுக்கு லூக்கா மிக அருகில். பீசா சென்ட்ரலேயிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்தான். உள்ளூர் ரயில் என்பதால் முன்பதிவு, இருக்கை எண் எதுவும் கிடையாது. காகிதச் சீட்டு வாங்கினால் மட்டும், ஏறுவதற்கு முன் பிளாட்பாரத்திலுள்ள சின்ன இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ளுங்கள், குத்தாவிட்டால் அபராதம். இதே பாதையில் பீசா சான் ரொஸ்ஸோரே என்று ஒரு சிறு ஸ்டேஷன் வரும். சாய்ந்த கோபுரத்துக்கு அங்கிருந்து சில நிமிட நடைதான். கோபுரத்தைப் பார்க்க நினைக்கிறவர்கள் லூக்காவில் தங்கிக்கொண்டு, ஒரு காலை வந்து பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

லூக்கா ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் எதிரே மதில் தெரியும். சாலையைத் தாண்டினால் புல்வெளி, புல்வெளிக்கு அப்பால் செங்கல் மதில். நேரே போகும் ஒற்றையடிப் பாதை மதிலின் வயிற்றுக்குள் நுழைந்து படியேறி உள்ளே விடுகிறது. பெட்டி இருந்தால் அந்த வழி வேண்டாம். இடப்பக்கம் கொஞ்சம் நடந்து சான் பியெத்ரோ வாசல் வழியாகப் போங்கள், படி கிடையாது. என் அறை கதீட்ரலுக்குப் பின்புறத் தெருவில் இருந்தது. டாக்ஸிக்கு வேலையே இருக்கவில்லை.

இந்த மதிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரம்பித்து 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கட்டியிருக்கிறார்கள். பீரங்கிக் குண்டைத் தாங்குவதற்காகவே உள்ளே மண்ணை நிரப்பி இவ்வளவு அகலமாக எழுப்பியது. ஆனால் எந்தப் படையும் இதை முற்றுகையிடவில்லை. 1812இல் செர்க்கியோ ஆற்றில் வெள்ளம் வந்தபோது வாசல்களை அடைத்துக்கொண்டு ஊர் தப்பித்ததாம். மதில் தடுத்தது எதிரியை அல்ல, தண்ணீரை. 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை லூக்கா தனிக் குடியரசு. ஃபுளோரன்ஸ் சுற்றியிருந்த ஊர்களையெல்லாம் விழுங்கியபோதும் இதை விழுங்க முடியவில்லை. 19ஆம் நூற்றாண்டில் மதிலின் தலையில் மரம் நட்டு நடைபாதை ஆக்கிவிட்டார்கள்.

ஒரு சுற்று 4.2 கிலோமீட்டர். நிதானமாக நடந்தால் ஒரு மணி நேரம். இருபுறமும் மரங்கள் என்பதால் மதிய வெயிலிலும் நிழல் இருக்கிறது. ஒரு பக்கம் பார்த்தால் வீடுகளின் கொல்லைப்புறமும் கொடியில் காயும் துணிகளும், மறுபக்கம் புல்வெளிக்கு அப்பால் தொலைவில் மலைகள். மூலைகளில் அம்புமுனைபோல் வெளியே நீளும் 11 கொத்தளங்கள். சிலவற்றில் சிறுவர்களுக்கு ஊஞ்சல், சிலவற்றில் வெறும் புல்தரை. காலையில் ஓடுகிறவர்களும் நாயைக் கூட்டி வருகிறவர்களும் இருப்பார்கள். மாலை ஐந்துக்கு மேல் பள்ளிப் பிள்ளைகள், கைகோத்து வரும் வயதான தம்பதிகள், தள்ளுவண்டியில் குழந்தையோடு அம்மாக்கள் என்று பாதி ஊர் மேலே வந்துவிடுகிறது. தனியாகப் போகிற நமக்கு இதைவிட நல்ல இடம் வேறில்லை என்பது என் கட்சி. யாரும் நம்மை வேடிக்கை பார்ப்பதில்லை, நாமும் ஒதுங்கி நிற்பதாகத் தோன்றுவதில்லை. எந்த நேரத்திலும் ஒரு சரிவில் இறங்கித் தெருவுக்குள் போய்விடலாம். வழி தவறினால் ஏதாவது ஒரு திசையில் நேரே நடங்கள், மதில் வந்து முட்டும். அங்கிருந்து மறுபடி ஆரம்பிக்கலாம்.

ஊருக்குள் பார்க்க இருப்பவற்றில் பியாஸ்ஸா தெல் ஆன்ஃபித்தேயாத்ரோவை எல்லோரும் சொல்வார்கள். ரோமானியர் காலத்து அரங்கின் மேலேயே பின்னாளில் வீடு கட்டியதால் சதுக்கமே முட்டை வடிவத்தில் இருக்கிறது. உள்ளே நின்று படம் எடுத்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். வெளிப்புறத் தெருவில் ஒரு சுற்று வாருங்கள். வீட்டுச் சுவர்களுக்குள் பழைய வளைவுகள் புதைந்து நிற்பது அங்கேதான் தெரியும்.

என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது சான் மர்த்தீனோ கதீட்ரல். அதன் முகப்பில் மூன்று வளைவுகள், வலது ஓரத்து வளைவு மட்டும் சிறியது. பக்கத்தில் மணிக்கூண்டு முன்பே நின்றிருந்ததால் இடம் போதவில்லை. மணிக்கூண்டை இடிக்காமல் வளைவைச் சுருக்கிக்கொண்டார்கள். அந்தப் பக்கத்துத் தூணில் சுமார் அரை மீட்டர் அகலத்தில் ஒரு வட்டப் புதிர்ப்பாதை செதுக்கியிருக்கிறது. நூற்றாண்டுக்கணக்கில் ஆட்கள் விரலால் தடவித் தடவிக் கோடுகள் மழுங்கிப்போயிருக்கின்றன. உள்ளே இலாரியா தெல் கர்ரெத்தோவின் கல்லறைச் சிற்பம். லூக்காவை ஆண்ட பாவ்லோ குயினீஜியின் மனைவி, 1405இல் பிரசவத்தில் இறந்துபோனவள். யாக்கப்போ தெல்லா குவேர்ச்சா பளிங்கில் வடித்தது. கழுத்தை மூடிய உயரமான காலர், அதிலிருந்து கால்வரை நேராக இறங்கும் மடிப்புகள், பாதத்தருகே தலையைத் தூக்கி எஜமானியைப் பார்க்கும் ஒரு சின்ன நாய். கூட யாராவது இருந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் கிளம்பியிருப்போம். தனியாக வந்ததால் வேண்டிய அளவு நிற்க முடிந்தது.

குயினீஜி கோபுரத்தின் உச்சியில் ஓக் மரங்கள் வளர்ந்து நிற்கின்றன; இருநூற்றுச் சொச்சம் படி, முழங்கால் ஒத்துழைத்தால் ஏறலாம். ஓபரா இசையமைப்பாளர் புச்சீனி 1858இல் பிறந்த வீடு இப்போது அருங்காட்சியகம். இசைப் பிரியர்கள் விட மாட்டார்கள்.

சாப்பாட்டில் நம் ஆட்களுக்குக் கவலை வேண்டாம். செச்சீனா என்று கொண்டைக்கடலை மாவைக் கரைத்துப் பெரிய தட்டில் ஊற்றி அடுப்பில் சுட்டு, மிளகு தூவித் தருகிறார்கள். சுத்த சைவம், விலையும் குறைவு. ஃபார்ரோ சூப் இந்தப் பகுதியின் விசேஷம். ஃபார்ரோ வேறொன்றுமில்லை, நம் சம்பா கோதுமை இனம்தான், பீன்ஸ் விதையோடு கெட்டியாக வேகவைத்தது. சில கடைகளில் பன்றி இறைச்சித் துண்டு சேர்ப்பதுண்டு, "சென்ஸா கார்னே?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். திராட்சையும் சோம்பும் போட்ட புச்செல்லாத்தோ ரொட்டி ஒன்று வாங்கி வைத்தால் சில நாள் காலைக்கு ஆகும். மதியம் மூன்று மணிக்கு மேல் ஏழு மணிவரை பெரும்பாலான உணவகங்களில் அடுப்பு அணைந்திருக்கும். இரவில் திறந்த உடனே போய்விட்டால் ஒற்றை ஆளுக்கும் நல்ல மேசை கிடைக்கும். பில்லில் கொபெர்த்தோ என்று ஒரு சிறு தொகை வரும். அது வழக்கமான மேசைக் கட்டணம்.

எப்போது போவது? ஏப்ரல், மே அல்லது செப்டம்பர் என்பேன். செப்டம்பர் 13 இரவு, தெருவெல்லாம் மெழுகுவர்த்தி ஏற்றி, கதீட்ரலிலுள்ள வோல்த்தோ சாந்தோ என்ற பழைய மரச் சிலுவைச் சிற்பத்தின் பெயரில் ஊர்வலம் நடக்கும். அக்டோபர் கடைசி, நவம்பர் தொடக்கத்தில் காமிக்ஸ் விழாவுக்கு ஊர் கொள்ளாத கூட்டம் வரும், அறை கிடைப்பதே பெரும்பாடு. காமிக்ஸ் பைத்தியம் இல்லாதவர்கள் தவிர்க்கலாம். அறையை மதிலுக்கு உள்ளேயே எடுங்கள். வெளியே விலை குறைவுதான், ஆனால் இரவு நடையின் சுகம் போய்விடும்.

ஒரு அரை நாள் மிச்சமிருந்தால் ஸ்டேஷனுக்குப் பின்புறம் போங்கள். நொத்தோலீனி என்ற கட்டடக் கலைஞர் 19ஆம் நூற்றாண்டில் மலைத் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவரக் கட்டிய கால்வாய்ப் பாலம் அங்கே ஆரம்பிக்கிறது. 400க்கும் மேற்பட்ட வளைவுகள், மூன்று கிலோமீட்டருக்கு மேல் வயல்வெளி ஊடே நேர்கோடாகத் தெற்கே போகிறது. ஒட்டியே நடக்கப் பாதை உண்டு, ஏற்றம் கிடையாது. கடை அதிகம் இல்லாத பக்கம், அதனால் ஊருக்குள் இருக்கும் பொதுக் குழாயில் பாட்டிலை நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.