கோப்பில் இல்லாத திருமணம்

ஓய்வூதியப் பிரிவில் நான் பணியாற்றிய இருபத்திரண்டு ஆண்டுகளில் அதிகம் படித்தவை குடும்ப ஓய்வூதிய விண்ணப்பங்கள்தாம். இருவர் சேர்ந்து வாழ்வதில் அரசுக்கு என்ன வேலை, திருமணத்தை வரையறுக்க அது யார் என்று நண்பர்கள் கேட்கும்போது அதிலுள்ள நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஆமோதிக்க வாயெடுக்கும் முன்பே ஒரு கோப்பு நினைவுக்கு வந்துவிடுகிறது.

இறந்துபோன ஊழியர் ஒருவரின் மனைவி என்று சொல்லி அந்த அம்மையார் வந்திருந்தார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள்; திருமணம் எங்கும் பதிவாகவில்லை. பணிப் பதிவேட்டில் வாரிசு நியமனமாக ஊழியருடைய தாயின் பெயரே இருந்தது. அந்தத் தாயும் இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. பையிலிருந்து ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தை எடுத்துக் கொடுத்தார். அதன் பின்புறம் பென்சிலால் ஒரு தேதி எழுதியிருந்தது; எடுத்து எடுத்துப் பார்த்ததில் ஓரங்கள் தேய்ந்திருந்தன. இதைவிட வேறு சான்று என்ன வேண்டும் என்று மனம் சொன்னது. கையோ, ‘உரிய ஆவணம் இணைக்கப்படவில்லை’ என்று எழுதிக் கோப்பைத் திருப்பி அனுப்பியது. நீதிமன்ற ஆணையோடு அவர் மீண்டும் வர மூன்று ஆண்டுகள் ஆயின. அந்த மூன்று ஆண்டுகளும் அவர் எதைக் கொண்டு வாழ்ந்தார் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

அரசு விலகிக்கொள்ளட்டும், அவரவர் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளட்டும் என்போர் உண்டு. ஒப்பந்தம் அதில் கையெழுத்திட்ட இருவரைக் கட்டுப்படுத்தும். ஓய்வூதிய அலுவலகத்தையோ மருத்துவமனையையோ அது பொதுவாகக் கட்டுப்படுத்தாது. வழக்கறிஞரை வைத்து ஒப்பந்தம் எழுதும் வசதியும் முன்யோசனையும் உள்ளவர்கள் என் மேசைக்கு அழுதுகொண்டு வந்ததில்லை.

பதிவு இல்லாத திருமணத்தின் சிக்கல் மிகப் பழையது. இடைக்கால ஐரோப்பாவில் இருவரின் சம்மதமே திருமணத்திற்குப் போதும் என்று திருச்சபை ஏற்றிருந்தது. ஒருவர் நடந்தது என்றும் மற்றவர் நடக்கவில்லை என்றும் சொன்னால் உண்மையை அறிய வழியில்லை. அதனால்தான் 1563-இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் குருவானவரும் குறைந்தது இரண்டு சாட்சிகளும் வேண்டும் என்று விதித்தது. பின்னர் 1792-இல் பிரான்ஸ் திருமணப் பதிவேட்டைத் தேவாலயத்திடமிருந்து நகராட்சிக்கு மாற்றியது.

ஆனால் பதிவேட்டைக் கையில் வைத்திருப்பவருக்கு, யாரைப் பதிவது என்று முடிவு செய்யும் அதிகாரமும் கூடவே வந்துவிடுகிறது. என்னை உண்மையில் அச்சுறுத்துவது இதுதான். அமெரிக்காவில் கறுப்பினப் பெண்ணான மில்ட்ரெட்டும் வெள்ளையரான ரிச்சர்ட் லவ்விங்கும் 1958-இல் தலைநகர் வாஷிங்டனில் மணந்துகொண்டு சொந்த மாநிலமான வர்ஜீனியாவுக்குத் திரும்பினார்கள். ஒரு நள்ளிரவில் காவல் அதிகாரிகள் அவர்களுடைய படுக்கையறைக்குள்ளேயே நுழைந்தபோது, சுவரில் மாட்டியிருந்த திருமணச் சான்றிதழை அவர்கள் காட்டினார்கள். அது இங்கே செல்லாது என்பதே பதில். 1967-இல் உச்ச நீதிமன்றம் இனம் கடந்த மணத்தைத் தடுக்கும் சட்டங்களை நீக்கும் வரை, அந்த மாநிலத்தின் கண்ணில் அவர்கள் குற்றவாளிகளாகவே இருந்தார்கள். நான் திருப்பி அனுப்பிய அம்மையாரிடம் சான்றிதழ் இல்லை. இவர்களிடம் இருந்தும் பயனில்லை.

ஆகவே வயது நிறைந்ததா, சம்மதம் உண்மையானதா, இருவரில் எவருக்கேனும் முந்தைய மணம் நிலுவையில் உள்ளதா என்று அரசு கேட்கட்டும். கேட்டேயாக வேண்டும் என்பேன். கட்டாயத் திருமணத்திலிருந்து ஒரு சிறுமியை மீட்க அந்தக் கேள்விகளை விட்டால் வேறு பிடிமானம் இல்லை. அதற்கு மேல், இன்னார் இன்னாரைத்தான் மணக்கலாம் என்று சொல்வது அதன் வேலையன்று. நெதர்லாந்து 2001-இல் ஒரே பாலினத்தவருக்கும் திருமணத்தைத் திறந்துவிட்டது. அதனால் ஏற்கெனவே மணந்திருந்த எவருடைய உரிமையும் குறையவில்லை.

அந்தக் கோப்புக்குப் பிறகு, பணியில் சேர வரும் ஒவ்வொருவரிடமும் திருமணத்தைப் பதிவு செய்யுங்கள், வாரிசு நியமனத்தைப் புதுப்பியுங்கள் என்று சொல்வதை வழக்கமாக்கிக்கொண்டேன். ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன் ஓர் இளைஞர் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தவர், தலை நிமிராமலே, “சார், என்னோடு வாழ்கிறவரும் ஆண்தான். அவர் பெயரை எந்தக் கட்டத்தில் எழுதட்டும்?” என்று கேட்டார். சேமநிதிக்கு அவருடைய துணையை நியமிக்க எங்கள் விதிகள் இடம் தந்தன. குடும்ப ஓய்வூதியத்திற்கோ அந்தத் துணைக்குக் கணவன் அல்லது மனைவி என்ற தகுதி வேண்டும். அதைச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேனாவைக் கையிலேயே வைத்திருந்துவிட்டு, உறவுமுறை என்ற கட்டத்தில் ‘நண்பர்’ என்று எழுதிக் கொடுத்தார்.