ஆறுமணிக்குருவி எப்போது வந்தது? இ-பேர்ட் தரவில் ஆய்வுத்திட்டம் செய்பவர்களுக்கு

வலசைப் பறவைகளை வைத்து முதுகலை ஆய்வுத்திட்டம் செய்ய நினைப்பவர்கள் பலரும் எடுக்கும் கேள்வி, "இந்தப் பறவை இப்போதெல்லாம் சீக்கிரமே வந்துவிடுகிறதா?" என்பது. கேள்வியில் குறையில்லை. ஆண்டுதோறும் முதலில் பார்த்த தேதியைக் குறித்துக் கோடு போடுவதில்தான் சறுக்குகிறார்கள். ஒரு மாவட்டத்தில் பத்துப் பேர் பார்த்த இடத்தில் நூறு பேர் பார்க்கத் தொடங்கினால், பறவை அதே நாளில் வந்தாலும் முதல் பதிவு முன்னே நகரும். வரைபடத்தில் அழகாகச் சரியும் கோடு, ஆட்கள் பெருகிய கதையைத்தான் சொல்லும்.

அதற்குப் பதில், பறவை பார்ப்பவர்கள் தாம் பார்த்தவற்றைப் பதியும் இணையத்தளமான இ-பேர்டிலிருந்து முழுப்பட்டியல்களை எடுங்கள். கண்டும் கேட்டும் அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் பதிந்த பட்டியல் அது. அதில் ஆறுமணிக்குருவி (ஆங்கிலத்தில் இந்தியன் பிட்டா என்னும் வலசைப் பறவை) இல்லையென்றால், அந்த இல்லாமையும் தரவு. வாரம்தோறும் அது இடம்பெற்ற பட்டியல்களை மொத்தப் பட்டியல்களால் வகுத்தால் கிடைக்கும் விகிதத்தை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடலாம். வலசைக் களைப்பில் வீட்டுக்குள் வந்து விழுந்த குருவியைப் பற்றிய தற்செயல் பதிவுகள் அக்டோபரில் நிறைய இருக்கும். அவை வருகைக்குச் சான்று. விகிதக் கணக்கில் சேராது.

இ-பேர்டிடம் தரவு கேட்டு விண்ணப்பித்தால் அனுமதி வரச் சில நாள் ஆகும். கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள். பறவைப் பதிவுக் கோப்போடு பட்டியல் விவரக் கோப்பையும் இறக்க வேண்டும். இதை விட்டால் "பார்க்கவில்லை" என்ற பூஜ்ஜியங்களை உருவாக்கவே முடியாது. இரண்டும் ஒரே மாத வெளியீடாக, ஒரே வடிகட்டலில் இருக்கட்டும். எக்செல் 10,48,576 வரிகளோடு நின்றுவிடும் என்பதால் ஆர் (R) நிரல்மொழியில் இ-பேர்ட் கோப்புகளை வடிகட்டும் 'ஆக்' (auk) தொகுப்பே வசதி. ஐந்து பேர் சேர்ந்து நடந்து பகிர்ந்துகொண்ட பட்டியல் ஐந்தாக எண்ணப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 5 கி.மீ. தூரம், 5 மணி நேரம், 10 பேர் ஆகியவற்றில் ஒன்றைத் தாண்டிய பட்டியல்களையும் நீக்குவது வழக்கம். இந்தக் குருவி விடியலிலும் அந்தியிலும்தான் அதிகம் கூவும். ஆகவே தொடங்கிய நேரத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். ஓர் ஆண்டு காலைப் பட்டியல்களும் மறு ஆண்டு நண்பகல் பட்டியல்களும் என்றால் ஒப்பீடே பொய்.

வாய்மொழித் தேர்வில் தவறாமல் வரும் கேள்வி: "அந்த வாரம் பறவை இல்லையா, பார்க்க ஆளில்லையா?" கையில் கணக்கு இருக்கட்டும். ஒரு பட்டியலில் இடம்பெறும் வாய்ப்பு 5 விழுக்காடு என்றால், 20 பட்டியல்களிலும் தவறிப்போக 36 விழுக்காடு வாய்ப்புண்டு. 60 பட்டியல்கள் இருந்தால் அது 5-க்குக் கீழே இறங்கும். அந்த 60-ம் ஒருவரே ஒரே ஏரிக்கரையில் போட்டவையாக இருந்தால் இந்தக் கணக்கு நிற்காது. தேர்வாளர் அடுத்துத் தொடுவதும் அதைத்தான்.

பறவைக்குச் செயற்கைக்கோள் கருவி மாட்டி வலசையைப் பின்தொடரும் ஆசையை ஆறு மாதத் திட்டத்தில் விட்டுவிடுங்கள். கருவியின் எடை பறவை எடையில் 3 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. 60 கிராம் குருவிக்கு அது 1.8 கிராம். பிடிக்கவே வனத்துறை அனுமதி வேண்டும்.

நீங்களும் களத்தில் பட்டியல் போடுவீர்கள் என்றால், இடத்துக்குப் போனதும் இ-பேர்ட் செயலியைத் தொடங்குங்கள். வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து நிரப்பினால் நேரமும் தூரமும் ஊகமாகிவிடும். எண்ணிக்கைக்குப் பதில், 'இருந்தது' என்று மட்டும் காட்டும் 'எக்ஸ்' போடுவதைவிட "சுமார் 40" மேல். மெர்லின் செயலி குரல் கேட்டுப் பெயர் சொன்னதும் பதிந்துவிடாதீர்கள். மேற்குத்தொடர்ச்சி மலைக் காடுகளில் துடுப்புவால் கரிச்சான் மற்ற பறவைகளைப் போலவே கூவும். மனிதரையே ஏய்க்கும் குரலுக்குச் செயலி எம்மாத்திரம்.