மூப்பரைத் தேர்ந்தெடுக்கும் முன்

சபைக் கமிட்டிக்கு மூப்பராக, அதாவது சபையை நடத்தும் பொறுப்பாளராக, ஆள் தேடும்போது, நன்றாகப் பேசுவாரா, வசதியுள்ளவரா என்றுதான் முதலில் பார்க்கிறோம். வேதாகமத்தில் சபைத் தலைவருக்கு வேண்டிய தகுதிகளைச் சொல்லும் 1 தீமோத்தேயு 3-ல் 2 முதல் 7 வரை பென்சிலோடு வாசியுங்கள். பேச்சுத் திறமையைப் பற்றியது 'போதகசமர்த்தன்' (கற்பிக்கும் திறமையுள்ளவன்) என்ற ஒரே சொல்தான். மற்றதெல்லாம் குடி, கோபம், பண ஆசை, வீட்டை நடத்தும் விதம் போன்றவை.

அதிலும் 7-ம் வசனத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறோம். புறம்பானவர்களிடம், அதாவது சபைக்கு வெளியே இருப்பவர்களிடம், நற்சாட்சி வேண்டுமாம். அப்படியானால் அவர் வேலை செய்யும் இடத்திலும் குடியிருக்கும் தெருவிலும் அல்லவா விசாரிக்க வேண்டும்? வீட்டுவேலைக்கு வரும் அம்மாவுக்குச் சம்பளம் தேதி தவறாமல் கொடுக்கிறாரா என்று கேளுங்கள்.

எருசலேம் ஏழைகளுக்கான காணிக்கையைப் அப்போஸ்தலன் பவுல் தன் உடன் ஊழியர் தீத்துவிடம் மட்டும் விடவில்லை; கூடவே இரண்டு சகோதரரையும் அனுப்பினார். யாரும் குற்றப்படுத்த இடம் இருக்கக்கூடாது என்று காரணமும் எழுதினார் (2 கொரிந்தியர் 8). ஆகவே ஆராதனை முடிந்ததும், உறவினரல்லாத இருவர் ஆலயத்திலேயே காணிக்கையை எண்ணி, தொகையை எழுதிக் கையெழுத்திட்டு, மறுநாளே வங்கியில் கட்டட்டும். "நாளைக்கு எண்ணிக்கலாம்" என்று ஒருவர் பையை வீட்டுக்குக் கொண்டுபோகும் இடத்தில்தான் நல்லவர்களும் சறுக்குகிறார்கள்.

மூப்பர்மேல் புகார் வந்தால், இரண்டு மூன்று சாட்சி வேண்டும் என்ற 1 தீமோத்தேயு 5:19-ஐச் சொல்லி மூடிவிடுகிறோம். பாவம் செய்தவரை எல்லார் முன்பாகவும் கண்டிக்கச் சொல்லும் 5:20 அதற்கு அடுத்த வரியிலேயே இருக்கிறது. 18 வயது நிரம்பாத பிள்ளைக்கு நடந்த பாலியல் குற்றமென்றால் சபைக்குள் பேசி முடிக்க யாருக்கும் உரிமையில்லை. போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும்.