பெயரோடு ஒரு படம்

கல்யாண வீடுகளில் படம் எடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்த என்னைத் தோட்டத்துப் பக்கம் திருப்பியது ஒரு பழைய தபால் அட்டை. ரப்பர் மரத்தடியில் ஒரு தமிழ்ப் பெண். கீழே 'தமிழ்க் கூலி' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தார்கள். பெயர் இல்லை. என் பாட்டியும் அப்படித்தான் நின்றிருப்பார்.

எங்கள் ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட். 1948 ஜூன் 16-ஆம் தேதி இங்கே மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்துதான் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராகப் பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்த அவசரகாலம் வந்தது. அந்த மூவரின் பெயரும் புத்தகங்களில் இருக்கிறது. அன்று காலை ரப்பர் பால் எடுக்க மரம் சீவப் போனவர்களின் பெயர் எங்கே என்று தேடினேன், கிடைக்கவில்லை. மரம் சீவுகிறவர்களைப் பெயரோடு படம் எடுப்பதை நான்தான் செய்ய வேண்டும் என்று அப்போதே முடிவெடுத்தேன்.

பெரிய தோட்டம் ஒன்றுக்கு இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. சரி என்று சிறு நிலக்காரர்களிடம் போனேன். பெரிய தோட்டங்கள் பெரும்பாலும் எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறிவிட்டன. ரப்பர் இன்று சிறு நிலங்களில்தான் அதிகம். முதல் மூன்று மாதம் கேமராவைத் தொடவில்லை. விடியலில் கூடவே நடந்தேன், பால் வாளி தூக்கினேன்.

குளிர்ச்சியில்தான் பால் நன்றாக இறங்கும், அதனால் வெயில் ஏறுமுன் சீவிவிடுவார்கள். படம் எடுப்பவனுக்கு அது சிரமம். மரத்தடியில் வெளிச்சமே இருக்காது. நான் பயன்படுத்துவது மாமியா சி330 என்ற ஃபிலிம் கேமரா. ஒரு சுருளுக்கு 12 படம். குறைந்த வெளிச்சத்திலும் படம் விழ, 400 ஐஎஸ்ஓ சுருளை 1600 என்று வைத்து எடுத்து, கழுவும்போது கூடுதல் நேரம் விட்டேன். கருப்பில் மணல் மணலாகத் தெரியும், ஆனால் கத்தி பட்டையில் ஓடுகிற கோடும், அதில் ஊறி, பால் பிடிக்கும் மங்குக்கு இறங்கும் முதல் சொட்டும் விழுந்துவிடும். இந்தக் கேமராவைத் தலை குனிந்துதான் பார்க்க வேண்டும். அது நல்லதாகப் போயிற்று. எதிரில் நிற்பவர் தன் முகத்துக்கு நேராக எதையும் நீட்டியதாக நினைப்பதில்லை. (நம் ஊர் ஈரத்தில் லென்சில் பூஞ்சை பிடிக்கும். ஈரம் புகாத டிரை பாக்ஸ் இல்லாமல் இந்த வேலைக்கு வராதீர்கள்.)

ஒப்புதல் தாளைத் தமிழிலேயே எழுதினேன். மூன்று கட்டங்கள்: சுவரில் மாட்டலாமா, புத்தகத்தில் போடலாமா, இணையத்தில் போடலாமா. ஒரு பாட்டி முதல் இரண்டுக்கு மட்டும் ஒப்புக்கொண்டார். அதனால் இங்கே அவர் படமும் இல்லை, பெயரும் இல்லை.

இரண்டு வருடத்தில் எடுத்தவற்றிலிருந்து 22 படங்களைத் தேர்ந்தெடுத்தேன். எடுப்பதைவிடக் கழிப்பதுதான் கஷ்டம். அழகாக இருந்தும் ஆளைக் காட்டாத படங்களை நீக்கிவிட்டேன். பருத்திக் காகிதத்தில் பிக்மென்ட் மையில் அச்சிட்டு, ஒவ்வொன்றும் ஏழு பிரதிதான் என்று எண் போட்டுக் கையெழுத்திட்டேன். தலைநகரில் ஒரு காட்சிக்கூடம் ஐந்து படங்களைக் கேட்டது. படத்தின் கீழே 'ரப்பர் தொழிலாளி, பேராக்' என்று போட்டால் போதும் என்றார்கள். ஒப்புக்கொள்ளவில்லை. பெயர் இல்லாமல் படம் போகாது என்றேன். ஒரு மாதம் இழுத்து, அப்புறம் சம்மதித்தார்கள்.

ஆனால் அங்கே அனுப்புமுன் முதல் பிரதியை அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அந்தப் பாட்டி வீட்டுக் கூடத்தில் அவர் கணவர் படம் மாலையோடு தொங்கியது: ஐசி எனும் அடையாள அட்டையின் படத்தைப் பெரிதாக்கியது, முகமெல்லாம் புள்ளி புள்ளியாக. அவரை எடுத்த படம் அது ஒன்றுதானாம். தன் படத்தைப் பாட்டி சிறிது நேரம்தான் பார்த்தார். கீழே இருந்த பெயரில் விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"அப்பா பேரையும் சேத்து எழுதுப்பா. ஐசியில அப்படித்தானே இருக்கு" என்றார்.

மறுவாரம் புதிய பெயர்ச் சீட்டோடு போனேன். ஆணியைப் பாட்டியே அடித்து வைத்திருந்தார், கணவர் படத்துக்குப் பக்கத்தில்.