இணையதளத்துக்குத் துறை தேர்ந்தெடுப்பவர்களுக்கு
'போட்டோகிராபி' என்று தொடங்கினால் கடலில் கரைத்த பெருங்காயம்தான். 'பழைய பிலிம் கேமரா பழுதுபார்ப்பு' என்று சுருக்கினால் நாற்பது கட்டுரைகளில் ஏறக்குறைய முழுத் துறையும் வந்துவிடும். வாசகர் கேட்கக்கூடிய நாற்பது கேள்விகளை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். இருபதிலேயே திணறினால் துறை ரொம்பக் குறுகல், அல்லது அது உங்கள் துறையே இல்லை.

ஒரு கேள்விக்கு ஒரே பக்கம். 'ஷட்டர் சிக்கினால்', 'ஷட்டர் வேலை செய்யவில்லை' என்று இரண்டு எழுதினால், தேடலில் அவை ஒன்றையொன்று கீழே இழுத்துவிடும். நல்லதில் மற்றதைச் சேர்த்து, பழைய முகவரியிலிருந்து அந்தப் பக்கத்துக்கு 301 ரீடைரக்ட் (வருபவரை நிரந்தரமாகத் திருப்பிவிடும் ஏற்பாடு) போடுங்கள். வெறுமனே அழித்தால் அதற்கு வந்த இணைப்புகளின் பலன் போய்விடும்.

எழுதியவர் யார், எந்த மாடலைக் கழற்றிப் பார்த்தார் என்பது பக்கத்திலேயே இருக்கட்டும், சொந்தப் படங்களோடு. கூகுளின் தர மதிப்பீட்டு வழிகாட்டியில் 2022 டிசம்பரில் 'நேரடி அனுபவம்' தனி அளவுகோலாகவே சேர்ந்தது. உள்ளே எதையும் தொடாமல் தேதியை மட்டும் புதுப்பிப்பது ஏமாற்று வேலை.

உங்கள் தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோல் 16 மாதத் தரவு வைத்திருக்கும். அதில் தேடல் முடிவுகளில் 8 முதல் 20ஆம் இடம் வரை நிற்கும் பக்கங்களை முதலில் செப்பனிடுங்கள். புதுக் கட்டுரையைவிட அதில் பலன் சீக்கிரம் தெரியும்.